உப்புக்காற்றில் ஒரு பாட்டுப்பெட்டி

சரிகம நிறுவனத்தின் கேரவான் தமிழ்ப் பெட்டியைத் திண்ணைக்கு வாங்கலாம், படகுக்கு வேண்டாம். பேர் தெரியாத மெமரி கார்டு ஸ்பீக்கரைப் படகுக்கு வாங்கலாம், ஆனால் அதை நம்பிப் புயல் காலத்தைத் தள்ள முடியாது. அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் கேட்பவர்களுக்குத்தான் மீதி.

பத்திரிகைகளில் இந்த மாதிரிப் பெட்டிகளை ஏ.சி. அறையில் மேசைமேல் வைத்துக் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். நான் இருப்பது அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே மின்சார ரயில் நின்று போகும் ஊர். பொன்னேரி போய் பஸ் மாறினால் பழவேற்காடு. அங்கே கோட்டைக்குப்பத்தில் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அதனால் நான் சோதிக்க எடுத்த இரண்டு பெட்டிகளும் போய்ச் சேர்ந்த இடம் ஏரிக்கரை.

பழவேற்காடு ஏரி, இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தென்கோடிதான் நமக்கு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு படுத்திருக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், பல இடங்களில் கோல் ஊன்றியே படகைத் தள்ளிவிடலாம். கோல் பிடித்த கை, வலை இழுத்த கை, இறால் பிரித்த கை. இந்தக் கைகளுக்கு ஒரு பெட்டி பணிகிறதா என்பதே இங்கே முதல் கேள்வி.

அந்தக் கேள்வியில் முதலில் தோற்பது செல்போன். விரல் பட்ட இடத்தில் மின்னேற்றம் மாறுவதை வைத்துத்தான் தொடுதிரை நம் விரலைக் கண்டுகொள்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரக் கையோடு தொட்டால் எது விரல், எது தண்ணீர் என்று திரைக்குத் தெரியாது. பாட்டு தானாக மாறும், யாருக்கோ கால் போகும். அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் போனை பாலிதீன் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறார்கள். கவருக்குள்ளிருந்து வரும் பாட்டு கொசு பாடுவது போலிருக்கும். இன்னொன்று, போன் இங்கே தொழில் சாமான். நண்டுக்கும் இறாலுக்கும் வியாபாரி விலை சொல்வது அதில்தான். பாட்டு கேட்டே பேட்டரியைத் தீர்த்துவிட்டு ஏலத்துக்கு வந்து நிற்க யாரும் தயாரில்லை.

ஆகவே பாட்டுக்கென்று தனியாக ஒரு பெட்டி. உலகம் இந்தச் சாமானை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. 1979ல் சோனி வாக்மேன் வந்தது. 2001 அக்டோபரில் ஆயிரம் பாட்டு கொள்ளும் என்று சொல்லி ஐபாட் வந்தது, 2022 மே மாதத்தில் ஆப்பிள் அதற்கும் மூடுவிழா நடத்தியது. நம் ஊரில் அந்தச் சாமான் சாகவில்லை. காதில் மாட்டுவதிலிருந்து கீழே இறங்கி, நாலு பேர் சேர்ந்து கேட்கும் பெட்டியாகத் திரும்பிவிட்டது.

கேரவான் 2017ல் முதலில் இந்திப் பாடல்களோடு வந்தது, பின்னாலேயே தமிழ்ப் பெட்டியும் வந்தது. வந்தபோது விலை 5,990 ரூபாய். பார்ப்பதற்கு அறுபதுகளின் டிரான்சிஸ்டர் ரேடியோ. முன்னால் ஸ்பீக்கர் வலை, ஒரு பெரிய திருகு, சிறு திரை. உள்ளே 5,000 பாட்டு. இன்டர்நெட் வேண்டாம், நடுவில் விளம்பரம் வராது, மாதச் சந்தா கிடையாது. பாடுகிறவர், இசையமைத்தவர், எழுதியவர், நடித்தவர் என்று பாட்டுகளைப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். இவை போக எஃப்.எம்., புளூடூத், பெண்டிரைவ் செருக ஒரு துளை.

அந்தத் திருகை வடிவமைத்தவரைப் பாராட்ட வேண்டும். ஈரக் கையால் திருப்பலாம், கண்ணாடி போடாமல் திருப்பலாம், இருட்டில் தடவியும் திருப்பலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சிறு தடை விரலில் தெரியும். ஸ்மார்ட்போன் வந்தபிறகு விரலுக்கு இந்தச் சுகமே இல்லாமல் போயிற்று. அக்காவின் மாமியார் முதல் நாளிலேயே பெட்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். குறிப்பிட்ட ஒரு பாட்டைத் தேடி எடுக்க அடிப்படை மாடலில் வழியில்லை, நீங்கள் டி.எம்.எஸ். என்று திருப்பினால் அது எந்த டி.எம்.எஸ். பாட்டைக் கொடுக்கிறதோ அதுதான். இதை நான் குறையாகச் சொல்லப் போக, அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு இன்னா பாட்டு வேணும்னு எனக்கே தெரியாதுப்பா. அது பாட்டுக்கு பாடட்டும், நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்கறேன்." ரேடியோ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அடுத்து எது என்று தெரியாமலிருப்பதே பழகிய சுகம். நிறுவனமும் இதைத் தெரிந்துதான், அப்பா அம்மாவுக்குப் பரிசாக வாங்கிக் கொடுங்கள் என்று விளம்பரம் செய்தது.

பெட்டி எப்போது பாடுகிறது என்பதும் முக்கியம். வலை விடும் நேரத்தில் பாட்டு கிடையாது. சத்தம் கேட்டால் மடவை மீன் மிரண்டு துள்ளிவிடும் என்பார்கள். ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை விடலாம் என்பதைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பாடு என்று சொல்வது அதைத்தான். சீட்டுப் போட்டு முறை வரும். பாடு உள்ள நாளில் ஏரி, இல்லாத நாளில் கிழிந்த வலையும் கூரை நிழலும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளிலும் கடல் பக்கம் போகாதே என்று அறிவிப்பு வந்துவிடும். அன்றைக்கெல்லாம் பெட்டிக்கு முழுநேர வேலை. வலைக்கண் சரிசெய்யும்போது இரண்டு கையும் நூலில் இருக்கும். அந்தப் பக்கம் பனையோலைக் கூடை பின்னும் முஸ்லிம் பெண்களுக்கும் அப்படித்தான். பாட்டு மாற்றக் கை ஒழியாதவர்களுக்கு ஒரு முறை திருகிவிட்டு மறந்துவிடும் பெட்டி வசதி.

சிக்கல் பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 5,000 என்பது பெரிய எண்ணாகத் தெரிந்தாலும், அவை எந்த 5,000 என்பதைத் தீர்மானிப்பது உரிமைப் பத்திரம். சரிகம என்பது 2000ல் வைத்துக்கொண்ட பேர். அதற்கு முன் அது கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா. குழாய் ஸ்பீக்கர் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. முத்திரை அதனுடையது. கல்கத்தா டம்டம்மில் இருந்த தொழிற்சாலையில்தான் நம் இசைத்தட்டுகள் அச்சாகி வந்தன. எழுபதுகள் வரை இந்திய இசைத்தட்டுச் சந்தையில் அந்த நிறுவனத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி போட்டியே கிடையாது. அதனால் கே.வி. மகாதேவன், விசுவநாதன்-ராமமூர்த்தி, கண்ணதாசன், வாலி, டி.எம்.எஸ்., சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ் என்ற தலைமுறையின் பாட்டுகளில் பெரும்பங்கு அங்கே சேர்ந்தது. பெட்டிக்குள் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் நிறைந்து வழிவதற்குக் காரணம் இந்தச் சந்தை வரலாறு.

எண்பதுகளில் கேசட் வந்தது. எக்கோ போன்ற வேறு நிறுவனங்கள் இளையராஜாவின் படங்களை வரிசையாக வெளியிட்டன. உரிமைகள் பல கைகளுக்குப் பிரிந்தன, பிறகு அவற்றைச் சுற்றி நீதிமன்ற வழக்குகளும் நடந்தன. ஆக, கேரவான் பெட்டிக்குள் ராஜா இருக்கிறார், ஆனால் எண்பதுகளில் டீக்கடைக்கு டீக்கடை ஒலித்த அந்த முழு ராஜா இல்லை. மாமா, அதாவது அக்காவின் கணவர், அந்தக் காலத்துப் பிள்ளை. வலையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். திருகைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். "மச்சான், இது எங்க அப்பாவுக்கு வாங்கின பொட்டி. எனக்கு வாங்கின பொட்டி எங்க?" என்றார். பக்கத்தில் இருந்த இருபது வயதுப் பையன் ஒருவன் இன்னும் நேராகக் கேட்டான்: "இன்னா மாமா, இதுல ஒரு கானா கூட இல்லியா?"

கானா இல்லாத பாட்டுப்பெட்டியை எண்ணூருக்கு வடக்கே விற்பது துணிச்சல்தான். கானாவோடு முடிவதுமில்லை. பழவேற்காட்டில் 1515ல் போர்த்துகீசியர் காலத்தில் எழுந்த மகிமை மாதா கோயில் இருக்கிறது, பள்ளிவாசல்கள் இருக்கின்றன, குப்பத்துக்குக் குப்பம் அம்மன் இருக்கிறாள். ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் கேட்கும் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நாகூர் ஹனிபா பாடிக்கொண்டிருப்பார். ஒரே நிறுவனத்தின் கிடங்கிலிருந்து இத்தனையையும் எதிர்பார்க்க முடியாது. அதற்காகத்தான் பெண்டிரைவ் துளை வைத்திருக்கிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். சரிதான். ஆனால் நம் பாட்டை நாமே பெண்டிரைவில் கொண்டுவர வேண்டுமென்றால், கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய் எதற்கு?

இந்த இடத்தில்தான் இரண்டாவது பெட்டி உள்ளே வருகிறது. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள் கிடைக்கும் மெமரி கார்டு ஸ்பீக்கர். எங்களுக்கு அது தூரமில்லை. அனுப்பம்பட்டில் ஏறினால் ரயில் மூர் மார்க்கெட் வளாகத்தில் போய் நிற்கும். 1985ல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட் இருந்த மனை அது. பழைய புத்தகத்தோடு பழைய இசைத்தட்டுகளும் அங்கே விற்றார்கள். அந்தத் தட்டுகளில் இருந்த பாட்டைத் தேடி வருகிறவர்கள் இப்போது அதே இடத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்துபோய்க் கார்டு வாங்குகிறார்கள்.

இந்தப் பெட்டிகளுக்குக் கம்பெனி என்று ஒன்று கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் பேர் அடுத்த முறை போகும்போது மாறியிருக்கும். உள்ளே எல்லாம் ஏறக்குறைய ஒன்றே: ஒரு சின்ன ஸ்பீக்கர், கார்டு துளை, யு.எஸ்.பி. துளை, எஃப்.எம்., புளூடூத், பக்கத்தில் ஒரு டார்ச். டார்ச்சை அலட்சியமாக நினைக்காதீர்கள், விடியலுக்கு முன் படகைக் கட்டவிழ்க்கும்போது பாட்டைவிட அது உதவும். சுவிட்சைப் போட்டதும் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் ஊரைக் கூட்டி அறிவிப்புச் செய்யும். பாட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் அந்தக் குரல் குறையாது. விடிகாலை நாலு மணிக்கு அதைக் கேட்டு எழுந்த குழந்தைகளின் அழுகையை விமர்சனத்தில் சேர்க்கலாமா தெரியவில்லை.

கணக்குப் போட்டால் இந்தப் பெட்டியின் பலம் தெரியும். சாதாரணத் தரமான 128 கேபிபிஎஸ் எம்.பி.த்ரீ ஒரு நிமிடத்துக்கு ஒரு எம்.பி. இடம் பிடிக்கும். நாலு நிமிடப் பாட்டுக்கு நாலு எம்.பி. அப்படி 5,000 பாட்டு சுமார் 20 ஜி.பி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 32 ஜி.பி. கார்டு ஒன்றில் கேரவான் அளவு பாட்டும் அடங்கி, கானாவுக்கும் ஹனிபாவுக்கும் இடம் மிச்சமிருக்கும். 32க்கு மேல் போக வேண்டாம். பெரிய கார்டுகளின் கோப்பு முறையை இந்த மலிவுப் பெட்டிகளில் பல படிக்காது, கார்டைப் போட்டதும் ஊமையாகிவிடும்.

இன்னொரு தொல்லைக்குக் காரணம் தெரியாமல் பலரும் கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள். பாட்டுகள் பேர் வரிசையில் வராது, கார்டில் ஏறிய வரிசையில் வரும். பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு அகரவரிசைப்படுத்தும் சிரமமெல்லாம் கிடையாது, கார்டின் அட்டவணையில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். நடுவில் சில பாட்டுகளை அழித்துப் புதிதாக ஏற்றினால், அழிந்த இடத்தில் புதியது உட்காரும். மாரியம்மன் தாலாட்டுக்கு அடுத்து மரண கானா வருவது இப்படித்தான். வழி ஒன்றுதான்: கார்டை முழுசாக ஃபார்மேட் செய்து, கேட்க வேண்டிய வரிசையிலேயே ஒவ்வொரு ஃபோல்டராக ஏற்றச் சொல்லுங்கள். கடையில் "320ல போட்டுத் தர்றேன்" என்று சொல்வார்கள், அதிலும் ஏமாற வேண்டாம். 128ல் இருந்த கோப்பை 320க்கு மாற்றி எழுதினால் இடம் அடைக்குமே தவிர, தொலைந்த ஒலி திரும்பி வராது.

அந்தக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஏற்றித் தரும் பாட்டில் ஒரு காசுகூடப் பாடினவருக்கோ எழுதினவருக்கோ போகாது. பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். கேரவானுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நேர்மைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கேட்க விரும்பும் பாட்டை நேர்மையான வழியில், இன்டர்நெட் இல்லாத பெட்டியில் விற்க ஆளில்லாதபோது, குப்பத்துப் பையனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒலி. இதில்தான் எனக்கு ஓர் ஆச்சரியம் கிடைத்தது. அறைக்குள் ஸ்பீக்கரின் கீழ்ஸ்தாயி ஓசையைச் சுவரும் தரையும் தாங்கிப் பெருக்கிக் கொடுக்கின்றன. ஏரி நடுவே சுவர் ஏது? பேஸ் முழுக்கக் காற்றில் கரைந்துவிடும். இன்ஜின் ஓடினால் அதன் உறுமல் மிச்சத்தையும் தின்றுவிடும். தப்பிப்பது மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி மட்டும். இப்போதைய சினிமாப் பாட்டுகள் பேஸை நம்பிக் கட்டப்பட்டவை. இந்தச் சின்னப் பெட்டிகளில், அதுவும் வெட்டவெளியில், அவை எலும்பும் தோலுமாகக் கேட்கின்றன. ஐம்பது அறுபதுகளின் பதிவுகளோ பாடகரை மைக்குக்கு முன்னால் நிறுத்தி, வாத்தியங்களைப் பின்னால் தள்ளிச் செய்தவை. ஒரே தடமான மோனோ. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்களைக் கொண்டதாகச் சொல்லப்படும் ப்ரியா 1978ல்தான் வந்தது. ஒற்றை ஸ்பீக்கரில் மோனோ பாட்டுக்கு இழப்பு எதுவுமில்லை. இன்ஜின் சத்தத்தை அறுத்துக்கொண்டு டி.எம்.எஸ். குரல் கரை வரைக்கும் வந்தது. மாமாவே ஒத்துக்கொண்டார். அந்த வகையில் கேரவானின் பழைய பட்டியல் இந்தத் தண்ணீருக்குத் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. வேடிக்கை, அந்தப் பாட்டுகள் படகில் ஒலித்தது கார்டு ஸ்பீக்கர் வழியாக. கேரவானைப் படகில் ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தத் தயக்கம் நியாயமானது. கேரவான் தண்ணீரைத் தாங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, அது கூடத்துக்காகச் செய்த பெட்டி. தட்டையான இடம் கேட்கும் உருவம். முழு சார்ஜில் ஐந்து மணி நேரம் வரை பாடும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. விடிகாலை மூன்றுக்கு ஆரம்பித்தால் எட்டுக்கு முடிந்துவிடும். மின்சாரம் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயமில்லை. சின்ன அளவில் மினி என்றொரு பதிப்பும் உண்டு. அதில் பாட்டு சில நூறுதான் என்பதால், வாரக் கடைசியில் அதே பாட்டு மறுபடி வந்து நிற்கும்.

தண்ணீரைவிட மோசம் உப்பு. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. காற்றில் வரும் உப்புத்தூள் உள்ளே படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். செம்பு பச்சை பூக்கும். அந்த ஈரத்தோடு சார்ஜர் சொருகினால் மின்சாரமே சேர்ந்து முனையை அரித்துவிடும். நான் கொடுத்த பேரில்லாப் பெட்டி சில வாரங்களில் சார்ஜ் துளை பச்சையாகி, வால்யூம் பட்டன் உள்ளே அமுங்கியது அமுங்கியபடி கிடந்தது. பெட்டி உச்சச் சத்தத்தில் நின்றுவிட்டது. அதன்பின் வந்ததை, டார்ச் பக்கம் தவிர மற்றப் பக்கமெல்லாம் பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறார்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துளையைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் சார்ஜ் போட்டால் ஆயுசு நிச்சயம் கூடுகிறது.

அப்படியானால் தண்ணீர் புகாத பிராண்டு ஸ்பீக்கர்களை வாங்கலாமே? ஜே.பி.எல். கோ 3 போன்றவை ஐ.பி.67 தரம் பெற்றவை. தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, கடல்தண்ணீருக்கு அதே உத்தரவாதம் கிடையாது. இருந்தாலும் மூன்றிலும் உடம்பு கெட்டி இதுதான். ஒலியும் சுத்தம். ஆனால் அதற்குக் கார்டு துளை இல்லை, எஃப்.எம். இல்லை. பாட்டு போனிலிருந்துதான் வர வேண்டும். எந்தப் போனைக் காப்பாற்றத் தனிப்பெட்டி தேடினோமோ, அந்தப் போனிடமே திருப்பி அனுப்புகிறது.

மலிவுப் பெட்டிக்கு இன்னொரு நற்குணம். நான் வாங்கிய வகையில் நோக்கியா 1100 காலத்து பி.எல்-5சி பேட்டரி. 2003ல் வந்த அந்தப் போன் மறைந்துபோனாலும் அதன் பேட்டரி பொன்னேரியில் எந்த மொபைல் கடையிலும் கிடைக்கிறது. மூடியைக் கழற்றினால் கையாலேயே மாற்றலாம். சர்வீஸ் சென்டரைத் தேடிச் சென்னைக்குப் போகிற அலைச்சல் இல்லை. உள்ளேயே பேட்டரியை ஒட்டி மூடிவிட்ட பெட்டிகளும் அதே விலைக்கு விற்கின்றன. பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். ஏரிக்கரையில் பாட்டுப்பெட்டிக்கு இந்த வேலையில்தான் நான் அதிகம் மதிப்பெண் வைத்திருந்தேன், இரண்டும் பாதிக் கிணறுதான் தாண்டின. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும். சென்னைக் கோபுரங்களிலிருந்து பழவேற்காடு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். திறந்த தண்ணீரில் சூரியன் 93.5, ஹலோ 106.4 எல்லாம் தெளிவாக வந்தன, வீட்டுக்குள் போனால் இரைச்சல். கேரவானில் இழுத்து நீட்டும் கம்பி இருப்பதால் அது தேவலாம். கார்டு ஸ்பீக்கருக்கு சார்ஜர் வயர்தான் ஏரியல். வயரை எடுத்தால் நிலையம் போய்விடும். தனியார் எஃப்.எம்.களுக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்கும் உரிமை இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புயல் நேரத்தில் ஆகாசவாணியைத்தான் தேட வேண்டும்.

அதிலும் தேட வேண்டியது மத்திய அலை. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் நிலையம், மீட்டர் கணக்கில் நானூற்றுச் சொச்சம். அந்த அலை தரையோடு ஒட்டிப் போகும். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல்மேலும் இந்த ஏரிமேலும் அது நிலத்தில் போவதைவிடத் தூரம் போகும். போனின் திரையைக் குழப்பிய அதே உப்பு இங்கே உதவுகிறது. இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டுக் கரையோரங்களில் அவ்வளவு தெளிவாகக் கேட்டுத் தலைமுறைகள் வளர்ந்ததற்கும் நடுவே கிடந்த கடல் ஒரு காரணம். ஆனால் கார்டு ஸ்பீக்கரில் ஏ.எம். கிடையாது. அதற்கு ஃபெரைட் தண்டு வேண்டும், உள்ளே இருக்கும் எம்.பி.த்ரீ சில்லின் இரைச்சல் மத்திய அலையைக் கெடுக்காதபடி தடுப்பு வேண்டும். ஐந்நூறு ரூபாயில் அதெல்லாம் ஆகாது. கேரவான் வாங்குகிறவர்கள் எடுக்கும் மாடலில் ஏ.எம். இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே 720ஐ வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையேறியபோது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. அடுத்த ஆண்டு ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்களுக்கு நடுக்கடலில் தகவல் போய்ச் சேரவில்லை. அந்த மாதிரி நாளில் கார்டில் இருக்கும் 5,000 பாட்டும் செத்த சாமான். இரண்டு பென்சில் செல்லில் ஓடும் சாதாரண ஏ.எம். ரேடியோ அன்றைக்கு இந்த இரண்டு பெட்டிகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016 ஆகஸ்டில் கடல் ஓசை 90.4 என்று சமுதாய வானொலி தொடங்கினார்கள், அந்த ஊர்க்காரருக்கு எஃப்.எம். இருந்தாலே போதும். நமக்குப் போதாது.

ஆக, வீட்டில் ஐம்பது வயது தாண்டியவர்கள் இருந்து, கையில் காசும் இருந்தால் கேரவான். திண்ணையிலேயே வையுங்கள், சாயங்காலம் உள்ளே எடுத்துவிடுங்கள். எண்பதுகளின் ராஜாவும் கானாவும் கேட்பவர்களுக்குக் கார்டு ஸ்பீக்கர், கழற்றி மாற்றும் பேட்டரி உள்ளதாக. வலை விடும்போது டப்பாவுக்குள் போகட்டும். இரண்டில் எதை வாங்கினாலும் முன்னூறு நானூறு ரூபாய்க்கு ஒரு ஏ.எம். ரேடியோவும் சேர்த்து வாங்கி, அக்டோபர் பிறந்ததும் செல் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கார்டை மட்டும் ஒரே பாட்டு வரிசையில் இரண்டாக ஏற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். கரையில் மாற்றிக்கொள்ளச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. படகில் நின்றபடி மாற்றப் போய், நகத்தளவு கார்டு ஈரவிரலிலிருந்து வழுக்கி ஏரிக்குப் போவதுதான் இங்கே அதிகம் நடக்கிறது.